வராத காய்ச்சல்

முக்கூடலில் எட்டாவது வார்டு எனக்கு.
தினக்கூலி.
ஒரு டார்ச், ஒரு கரண்டி, மருந்துப் புட்டி,
கதவில் தேதி போட ஒரு சாக்பீஸ்.

ஆறு ஊரை ஒட்டித்தான் போகிறது.
எங்கள் தெருக் குழாயில் மட்டும்
எட்டு நாளைக்கு ஒருக்கத் தண்ணீர்.
ஆகவே வீட்டுக்கு வீடு டிரம், அண்டா, சருவம்,
பெயிண்ட் வாளி, மூடி தொலைந்த குக்கர்.

"தண்ணீரைச் சேமித்து வைக்காதீர்"
என்று அச்சடித்த தாளை
நான் வாசித்து முடித்ததும்
பிரம்மசக்தி சொளவை மடியிலிருந்து இறக்காமல் கேட்டாள்:
"ஏட்டி, பெறவு எங்கன சேத்து வைக்க?
ஒன் தாளுக்குள்ளயா?"

தாளில் அதற்குப் பதில் இல்லை.
அவளிடம் இருந்தது:
கிழிந்த கைலி, அறுந்த சைக்கிள் டியூப்.
டிரம்மின் வாயில் துணியை இழுத்துக் கட்டி
கொட்டு மேளம் மாதிரித் தட்டிக் காட்டினாள்.
தாளின் ஓரத்தில் அதை எழுதிக்கொண்டேன்.
மறுநாள் முதல் அச்சடித்ததை விட்டுவிட்டு
ஓரத்தை மட்டும் வாசித்தேன்.

மருந்து ஊற்றினால் தண்ணீர் நாறும் என்றார்கள்.
பிள்ளை தங்காது என்றும் சொன்னார்கள்.
ஊற்றிய தண்ணீரில் ஒரு தம்ளர்
நானே குடித்துக் காட்டினேன்.
முதல் வாரம் நாளைக்கு நாற்பது வீடு,
நாற்பது தம்ளர்.
வார்டு முழுக்க ஒரு கக்கூஸ் தேடி
நான் அலைந்ததை
எந்தப் பதிவேட்டிலும் எழுதவில்லை.

பிரம்மசக்திக்குத் தெரியும் இந்தக் கணக்கு.
முந்தின ஐப்பசியில்
அந்த மூடியில்லாத குக்கரில் ஒரு கொசு முட்டையிட்டது.
மூடி வாங்கியிருந்தால் எழுபது ரூபாய்.
மகள் இசக்கிப்பிரியா ஐகிரவுண்டில் ஆறு நாள்.
பஸ், ஆட்டோ, வெளியே எடுத்த ரத்தச் சோதனை, இளநீர்.
அந்த ஆறு நாளும் சொளவில் இலை காய்ந்தது.
செவ்வாய்க்கிழமைக் குழுத் தவணைக்குக்
கம்மல் போயிற்று.
கம்மலை மீட்க மகளும் இலை வெட்ட உட்கார்ந்தாள்.
அரைப் பரீட்சை வந்தது, போனது.
ஒன்பதாம் வகுப்புப் பையில்
இப்போது பீடித் தூள்.

எழுபது ரூபாய்.

இந்த வருஷம் எட்டாவது வார்டில்
ஒரு காய்ச்சலும் இல்லை.
பேரூராட்சிக் கூட்டத்தில்
என் தாளைப் பார்த்துவிட்டு
அதிகாரி சந்தோஷமாகத்தான் சொன்னார்:
"காய்ச்சல்தான் இல்லையே.
பெறகு எதுக்கு இத்தன ஆளு?"
பதினாறு பேரை எட்டாக்கினார்.
ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது.
டீ வந்தது.

படிவத்தில் கட்டங்கள் உண்டு:
வந்த காய்ச்சல், தீர்ந்த மருந்து, இறப்பு.
வராத காய்ச்சலுக்குக் கட்டம் இல்லை.
இருந்திருந்தால் எழுதியிருப்பேன்:
உச்சிமாகாளி செங்கல் சூளைக்குப் போன
இருபத்தாறு நாள்.
செய்யதலி பாத்திமா காதில் இன்னும் கிடக்கிற
அரைப் பவுன்.
தெக்குத் தெருவில் ஒரு பயல்
கணக்குப் பரீட்சையில் தோற்றான்.
காய்ச்சலில் கிடந்திருந்தால்
தோற்கக்கூட முடியாது அவனால்.

நீக்கிய எட்டில் நானும்.
டார்ச்சைத் திருப்பிக் கொடுத்தாயிற்று.
கரண்டி என்னுடையது, வீட்டுக் கரண்டி;
கழுவி அடுக்களையில் மாட்டினேன்.

நேற்று பிரம்மசக்தி கடைக்கு எதிரே மறித்தாள்.
"வியாழக்கெழம வரலியே நீ?"
சொன்னேன்.
ஆளைக் குறைத்தவனை நாலு வார்த்தை வைதாள்.
பிறகு, "அந்த டியூப்பு அந்து போச்சு,
வேற கட்டணும்" என்றாள்.
கட்டுவாள் என்றுதான் நினைக்கிறேன்.
ஆனால் இந்த வாரம்
கம்பெனிக்காரன் இலையைக் கூடுதலாகக் கொடுத்திருக்கிறான்.

நாளைக்கு எட்டாம் நாள்.
விடியக்காலம் நாலு மணிக்குத் தண்ணீர் வரும்.
எல்லா வீட்டிலும்
எல்லாப் பாத்திரமும்
நிறையும்.